டுவேன் வீட்டு முகவரி

டென்வரில் நேற்று எந்தப் பாலத்தில் லாரி கவிழ்ந்தது என்று பென்னர் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். அங்கே எந்தத் தெருவில் எவன் எவனைச் சுட்டான், அந்த மாநில கவர்னர் எந்தக் கடையைத் திறந்துவைத்தார், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் நாங்கள் இருப்பது பக்கத்து மாநிலமான வயோமிங். எங்கள் சொந்த கவர்னர் எதிரே வந்து நின்றால் "யாருப்பா நீ, மாடு வாங்க வந்தியா?" என்று கேட்போம். கூரையில் டிஷ் வைத்தால் வானத்திலிருந்து எந்த ஊர்ச் சேனல் இறங்க வேண்டும் என்று எவனோ எங்கோ உட்கார்ந்துகொண்டு கவுண்டி கவுண்டியாகக் கோடு போட்டுவிட்டான். நூற்றுத் தொண்ணூறு மைல் தள்ளியிருக்கும் டென்வர் எங்களுக்கு உள்ளூராம். தொண்ணூறு மைலில் இருக்கும் எங்கள் தலைநகரம் செயென் அசலூராம். போட்டவன் நன்றாக இருக்கட்டும், வேறென்ன சொல்ல.

மற்றவர்களுக்கு இது காப்பிக் கடையில் உட்கார்ந்து திட்டுவதற்கு ஒரு விஷயம், அவ்வளவுதான். ஆர்டித் ஹவ்லிக்குக்கு அப்படியில்லை. அவளுடைய ஒரே மகள் கெண்ட்ரா செயென் டி.வி. ஸ்டேஷனில் வானிலை சொல்கிறாள். பெற்ற மகள் ஊருக்கெல்லாம் முகம் காட்டுகிறாள், பெற்றவள் வீட்டில் மட்டும் அந்த முகம் தெரியாது.

ஆர்டித் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்தேழு வருஷமாக ஒரே தடம், ஐம்பத்தெட்டு மைல், பாதிக்கு மேல் சரளைக்கல் ரோடு. ஒரு நாள்கூட பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. விடியுமுன் வாசற்படியில் நின்று மேற்கே மலையைப் பார்ப்பாள். மூக்கை ஒரு தரம் சுருக்குவாள். அவள் மூக்கைச் சுருக்கினால் அன்றைக்குப் பனி கொட்டும் என்று அர்த்தம். பள்ளிக்கு லீவு விடலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியர் முதலில் போன் போடுவது அவளுக்குத்தான், வானிலை ஆபீசுக்கு இல்லை. மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டாள், பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிடும்.

அவள் புருஷன் லைல் அதற்கு நேர்மாறு. நூற்று நாற்பது மாடும் ஆயிரம் பேச்சும் உள்ளவன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இனி எங்கே என்று இருவரும் வாயை மூடிக்கொண்ட பிறகு, ஆர்டித்தின் முப்பத்தேழாவது வயதில் பிறந்தவள் கெண்ட்ரா. பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து, அம்மா பார்க்கிற திசையையே பார்த்து வளர்ந்த பெண் மேகத்தைப் படிக்கப் போனதில் ஆச்சரியமில்லை. படிப்பு முடிந்ததும் செயெனில் வேலை கிடைத்தது. சனி ஞாயிறு காலையில் மட்டும் வானிலை. லைல் அன்று ஊருக்குள் போய், தீவனக் கடையில் இருந்தவன் போனவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவன் குஞ்சு நிஜமாகவே பொன்தான், அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பார்ப்பது எப்படி என்பதுதான் தீரவில்லை. லைல் முதலில் காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழைய ஆன்டெனாவைக் கட்டினான். நடுவில் குன்று மறிக்கிறது. திரையில் புள்ளிகள் கொதித்ததுதான் மிச்சம். பிறகு சாட்டிலைட் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். உங்களுக்கு டென்வர்தான், செயென் வேண்டுமென்றால் டென்வர் ஸ்டேஷன்காரர்கள் ஆட்சேபணையில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? ஆர்டித் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினாள். என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள், அவளைப் பார்க்கத்தான் கேட்கிறேன் என்று காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினாள். ஆறு வாரம் கழித்து நாலு வரிப் பதில் வந்தது. உங்களுக்கு உள்ளூர்ச் சேனல்கள் ஏற்கெனவே கிடைத்துவருவதால் உங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை. லைல் அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்துவிட்டு, மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளும் இடத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டினான்.

வழி சொன்னது டுவேன். லைலின் பெரியப்பா மகன். கிழக்கே முப்பத்தெட்டு மைலில், பக்கத்து டோரி கவுண்டியில் இருக்கிறான். கோடு அவன் பக்கம் கருணை காட்டியிருக்கிறது. அங்கே செயென் சேனல் தாராளமாக வரும்.

"கம்பெனிக்குப் போன் போட்டு வீடு மாத்திட்டேன்னு சொல்லுடா," என்றான் டுவேன். "என் அட்ரஸைக் கொடு. அவன் என்ன நேர்ல வந்தா பாக்கப் போறான்? இந்த மாநிலத்துல பாதிப் பேர் பொய் அட்ரஸ்லதான் குடியிருக்கான்."

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் தப்பு என்றே நினைப்பதில்லை. கால்பந்து ஆட்டத்துக்காக ஒருவன் மாமியார் வீட்டு முகவரியில் இருப்பான். மாநிலப் பள்ளிப் போட்டிக்காக இன்னொருவன் ஒரு மாதம் மட்டும் பெட்ரோல் பங்க் முகவரிக்குக் குடிபோவான். இருக்கிற இடம் ஒன்று, காகிதத்தில் இருக்கிற இடம் இன்னொன்று.

ஆனால் கெண்ட்ராவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவள் பதறிவிட்டாள். எந்த வீடு எந்த ஊர்க் கணக்கில் சேருகிறது என்பதை வைத்துத்தான் விளம்பரக் காசு வந்து ஸ்டேஷன் பிழைக்கிறது, எங்கள் மேனேஜருக்குப் பொய் முகவரி என்றாலே ஆகாது, நானே இன்னும் தற்காலிகம், சொந்த அப்பா அம்மாவே அப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றாள். வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். டுவேனின் மனைவி கொலீன் வாராவாரம் நிகழ்ச்சியைப் பதிவு செய்து டி.வி.டி. தட்டு அனுப்புவாள், அதைப் பாருங்கள் என்று ஏற்பாடும் செய்தாள்.

லைல் சரி சரி என்றான். போனை வைத்தான். ஆர்டித்தைப் பார்த்தான்.

"பொண்ணுகிட்ட சொன்னாத்தானே பொண்ணுக்குத் தெரியும்?"

கம்பெனிக்குப் பேசியது ஆர்டித்தான். மறுமுனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, புது வீட்டுக்கு வாழ்த்துகள் மேடம் என்றாள். ஆர்டித்துக்குக் காது வரை சிவந்தது. நல்லவேளை, போனில் அது தெரியாது.

பத்து நிமிஷத்தில் டென்வர் மறைந்து செயென் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு ஊர்தான். அது வந்தால் இது போய்விடும். டென்வர் போனதற்கு வீட்டில் யாரும் அழவில்லை. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயிரம்தான் அசலூராக இருந்தாலும், எங்கள் பக்கம் புயல் கட்டினால் டென்வர் சேனலில் திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் பென்னர் கவுண்டி என்று ஓடும். எங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் உண்டு. செயென் பட்டியலில் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை கெண்ட்ரா திரையில் வந்தாள். லைல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வாயாடி மனிதன் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. ஆர்டித் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போகிற போக்கில் வரைபடத்தில் ஊர்கள் வந்துபோயின. மேற்கே டோரி கவுண்டிதான் கடைசி. அதற்கப்பால் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல்மேல் ஸ்டேஷனின் பெயரை ஒட்டியிருந்தார்கள். ஹவ்லிக் வீடு சரியாக அந்தப் பெயருக்கு அடியில் இருந்தது.

ஆர்டித் அதைக் கவனிக்காமல் இல்லை. எங்கள் பக்கம் எதுவானாலும் மலையிலிருந்து கிழக்கே போகும். எங்களை நனைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து டுவேனை நனைக்கும். ஆகவே மகள் பத்து மணிக்குப் பனி என்றால் இவள் ஒன்பது என்று கழித்துக்கொள்வாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படிக் கழித்துத்தான் பஸ்ஸை ஓட்டினாள். வாசற்படியில் நின்று மலையைப் பார்ப்பது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வார நாளில் கெண்ட்ரா வரமாட்டாள் என்றாலும் அவளுடைய ஸ்டேஷன் அல்லவா? திரையைப் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. லைல் இன்னும் ஒரு படி மேலே போனான். சமையலறையில் இருந்த வானிலை ரேடியோ எந்தக் கவுண்டியில் இடி இடித்தாலும் அலறுகிறது என்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் காப்பிப் பானையைச் செருகினான். வீட்டில் டாக்டர் இருக்கும்போது நாட்டு மருந்து எதுக்கு என்றான்.

ரகசியத்தைக் காப்பதுதான் பெரும்பாடு. ஞாயிறு மாலை கெண்ட்ரா போன் பண்ணுவாள். காலையில்தான் அவளைப் பார்த்திருப்பார்கள். போன வாரத் தட்டைப் பார்த்ததாகப் பேச வேண்டும். ஒரு தரம் லைல் அந்த மஞ்சள் கோட்டு உனக்கு எடுப்பாக இருந்தது என்று உளறிவிட்டான். மஞ்சள் கோட்டு அன்று காலை போட்டது. கொலீன் அத்தை அவ்வளவு சீக்கிரமாவா அனுப்புறாங்க என்று கெண்ட்ரா கேட்டதும், ஆர்டித் போனைப் பிடுங்கி மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கெண்ட்ரா ஒருநாள் சொன்னாள்: "யாருமில்லாத சுவத்தைப் பாத்துப் பேசற மாதிரி இருக்கும்மா. நீங்களாவது அன்னன்னிக்குப் பாத்தா எவ்வளவு நல்லா இருக்கும்." உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆர்டித்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. மகளுக்கு வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டாள்.

ஜூன் மாதம் வேலை நிரந்தரமாயிற்று. மாலைச் செய்தியில் வானிலை சொல்கிற மூத்தவர் வேறு ஊருக்குப் போய்விட, ஐந்து மணிச் செய்தி கெண்ட்ராவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை முதல் நாள். வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆர்டித் முடிவெடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஆர்டித் கொத்துக்கறி வேகவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, நாலே முக்காலுக்கே டி.வி.யின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் போன் பண்ணி, உன் மேற்கு மேய்ச்சலில் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறது, மாடுகள் கத்துகின்றன என்றார். தொட்டியின் மிதவை எங்கேயோ சிக்கியிருக்க வேண்டும். லைல் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கதவுக்குப் பக்கத்தில் நின்றான்.

ஐந்து பத்துக்குக் கெண்ட்ரா வந்தாள். நீல நிற உடுப்பு. முதல் வார்த்தையில் குரல் லேசாக நடுங்கியது, பிறகு நேராகிவிட்டது. மலைமேல் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறது, வலுவாக வரும் போலிருக்கிறது, டோரி கவுண்டிக்காரர்கள் ஏழு மணிக்குள் வண்டிகளைக் கூரைக்கடியில் விட்டுவிடுங்கள் என்றாள். ஆர்டித்துக்குக் கண்ணில் நீர் கட்டியது. நடுக்கம் நின்றுவிட்டது, நடுக்கம் நின்றுவிட்டது என்று அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லைல் கதவைத் திறந்து மேற்கே பார்த்தான். "வானம் அவ்வளவு நல்லால்லையே ஆர்டித். போயிட்டு வந்துடலாமா?"

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஏழு மணிக்குத்தானே. போயிட்டு வா."

குளிர்காலம் முழுக்கக் கழித்த ஒரு மணி நேரத்தை அன்று கழிக்கவில்லை. இருபத்தேழு வருஷம் வானத்தைப் பார்த்தவள் எழுந்து வாசலுக்குப் போய் ஒரு தரம் மூக்கைச் சுருக்கவில்லை. மகளுடைய முதல் நாள். வேறு காரணமே கிடையாது.

ஐந்து ஐம்பதுக்கு ஆலங்கட்டி கூரையில் விழுந்தது. முதலில் நாலைந்து, பிறகு கற்களைக் கொட்டியதுபோல. கரண்ட் போயிற்று. அதற்கப்புறம் வந்த சத்தம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். ஆர்டித் நிலவறைக்குள் இறங்கி, படிக்கட்டுக்கடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுழற்காற்று வீட்டுக்கு வடக்கே கால் மைலில் போனது. ஏறி வந்து பார்த்தால் கொட்டகைக் கூரையில் பாதியைக் காணோம். மேற்கே மேய்ச்சலுக்குப் போகும் வேலி முழுக்கச் சுருண்டு கிடந்தது.

பிக்கப் வண்டியை லைல் கொண்டுபோயிருந்தான். முற்றத்தில் நின்றது பள்ளிக்கூட பஸ்தான். முன் கண்ணாடி நொறுங்கியிருந்தது. கண்ணாடியைக் கையால் தள்ளிவிட்டு ஏறினாள். வேலியில்லாத மேய்ச்சலுக்குள், பள்ளமா மேடா என்று பார்க்காமல், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கி ஓட்டினாள். ஓடைக்கரையில் பிக்கப் தலைகீழாகக் கிடந்தது. லைல் பாதி உள்ளே, பாதி வெளியே. மூச்சு இருந்தது. அந்தப் பள்ளத்தில் கைபேசிக்கு உயிர் கிடையாது. பஸ் ரேடியோவில் கத்தினாள். கோடை விடுமுறையில் பள்ளியில் யார் இருப்பார்கள்? நல்லவேளை, ஷெரீஃப் ஆபீசில் யாரோ அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை அவன் தொப்பியால் அவன் முகத்தில் மழை விழாமல் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள்.

செயென் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விலா எலும்புகள் நுரையீரலைக் குத்தியிருந்தன. தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்திலேயே வைத்தார்கள். பிழைப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை.

கெண்ட்ரா முதல் ராத்திரி அழுதாள். மறுநாள் அழவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதையும் ஆராய்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. காலையில் ஆஸ்பத்திரி நடைபாதையில் அம்மாவை உட்காரவைத்தாள்.

"அம்மா, பென்னர் கவுண்டிக்கு எச்சரிக்கை அஞ்சு இருபத்தஞ்சுக்கே குடுத்துட்டாங்க. டென்வர் சேனல்ல விடாம ஓடிச்சு. நான் கேட்டுப் பாத்துட்டேன். இருபத்தஞ்சு நிமிஷம் இருந்துருக்கும்மா. அதைப் பாத்து அப்பாவைக் கூப்பிட்டிருந்தாக்கூட திரும்பி வந்துருப்பாரு. நீ டி.வி. போடலையா?"

ஆர்டித்துக்குக் கேள்வி முழுசாகப் புரிந்தது. போட்டிருந்தேன், உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், நீ ஏழு என்றாய், அப்பா போனார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். இருபத்துநாலு வயசுப் பெண் தன் வேலையின் முதல் நாளில் தன் வாயாலேயே அப்பாவின் காலை எடுத்தேன் என்று சாகும்வரை நினைப்பாள். இனி கேமரா முன்னால் நின்று மணி சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. அப்பா போய்விட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

"போடலை," என்றாள் ஆர்டித். "துணி மடிச்சிட்டிருந்தேன்."

காது சிவந்தது. மகள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

"வானத்தையாவது பாத்தியா? பஸ் ஓட்டறப்போ மட்டும் பாப்பே, வீட்டு மனுஷன் போனா பாக்க மாட்டியா?"

ஆர்டித் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு கெண்ட்ரா அம்மாவிடம் அளந்துதான் பேசினாள். காப்பி வேணுமா, டாக்டர் வந்தாரா, அவ்வளவுதான். பெற்ற மகள் அப்படிப் பார்ப்பதைத் தாங்குவது லேசில்லை. ஆனால் ஆர்டித் கணக்குப் போட்டுத்தான் தாங்கினாள். என்மேல் கோபப்பட்டால் அது என்றைக்காவது ஆறும், தன்மேலேயே கோபப்பட்டால் ஆறாது. கொலீனிடமும் டுவேனிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள். டுவேன் பெரிய ஆள், தீவனக் கடையில் எல்லோரையும் கலாய்க்கிறவன், ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் அட்ரஸால்தான் எல்லாம் என்று அழுதான். கொலீன் மட்டும், முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைப்பே ஆர்டித், இன்னிக்கே சொல்லிடு என்றாள். ஆர்டித் கேட்கவில்லை.

நாலாம் நாள் மாற்றுத் துணி எடுக்கக் கெண்ட்ரா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஆர்டித் நானும் வருகிறேன் என்றாள், வேண்டாம் அப்பாகிட்ட இரு என்று மகள் மறுத்துவிட்டாள். அவள் வீட்டில் டி.வி.யைப் போட்டால் அவள் ஸ்டேஷன்தானே முதலில் வரும்! ஆர்டித் ஆஸ்பத்திரியின் மூலையில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டு, பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டோம், பழைய முகவரியையே போடுங்கள் என்றாள். அந்தப் பெண்ணும் வாழ்த்துச் சொன்னாள். கெண்ட்ரா போவதற்குள் வீட்டில் டென்வர் வந்துவிட்டது. எட்டு மாதம் வீட்டில் நின்ற மகளை அம்மாவே நாலு நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் லைலின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கண்ணைத் திறந்தான். தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினான். கெண்ட்ரா ஐஸ் துண்டுகளைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தாள். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் முதல் தடவையாகச் சொன்னார். ஆர்டித் கட்டிலின் மறுபக்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. அவனிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம், இரண்டு வார்த்தை சொல்லிவைத்தால் புரிந்துகொள்வான் என்று நினைத்தாள். மகள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தாள்.

லைல் மகளைப் பார்த்தான். வெளுத்த முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏழு மணின்னியே கண்ணு. புயலுக்குத்தான் அவசரம்."

கேலிதான். அவனுக்கு அதில் குற்றம் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. மகள் முதல் நாள் நன்றாகச் சொன்னாள், நானும் பார்த்தேன் என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த விதம் அது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கெண்ட்ராவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு மறுபுறம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். ஆர்டித்தின் காது சிவக்கவில்லை. முகமே வெளிறிப் போயிருந்தது.

"எப்போலேர்ந்து?" என்றாள் கெண்ட்ரா.

"அக்டோபர்லேர்ந்து. டுவேன் அட்ரஸ்."

"தினமுமா?"

"நீ வந்த எல்லா நாளும். ஒண்ணு விடலை."

கெண்ட்ரா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆர்டித் தானே முந்திக்கொண்டாள். உன் தப்பு இல்லை, நீ டோரிக்குத்தான் சொன்னாய், நான்தான் ஒரு மணி நேரம் கழித்திருக்க வேண்டும், எப்பவும் கழிப்பேன், அன்று மறந்தேன், இதை உன்மேல் போட்டுக்கொள்ளாதே, அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று மளமளவென்று சொன்னாள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

மகள் தலையை ஆட்டினாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு எதையோ.

"அது இல்லம்மா," என்றாள். "அஞ்சு இருபத்தஞ்சுக்கு எச்சரிக்கை வந்தப்போ எனக்கு விளம்பர இடைவேளை. ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. நம்ம வீட்டு நம்பரை அழுத்திட்டேன். அப்புறம், அவங்க டென்வர் பாக்கறவங்கதானே, அங்க இந்நேரம் ஓடிட்டிருக்கும், முதல் நாளே ஸ்டுடியோவுல போன் பேசினேன்னு பேர் எதுக்குன்னு... மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வெச்சுட்டேன்."

ஆர்டித் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னைத்தான் பாக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா," என்றாள் கெண்ட்ரா, "வெச்சிருக்க மாட்டேம்மா."